அதிகாரமும் அறமும்

காப்பியத் தலைவர்களின் பெருமையைப் போர்க்களத்தில் மட்டும் தேடுதல் பொருந்தாது. கையிலுள்ள அதிகாரத்தை அவர்கள் எவ்வாறு கையாண்டனர் என்பதே அப்பெருமையை அளக்கும் கோல். சிலப்பதிகாரத்துப் பாண்டிய மன்னன் இதற்குத் தக்க சான்றாவான்.

ஊடல் கொண்ட தேவியைத் தணிக்க விரைந்த வேளையில், பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாது ஆணையிட்டான் மன்னன். அவ்வாணையால் கோவலன் கொலையுண்டான். நீதி கேட்டு வந்த கண்ணகிக்கோ அரண்மனை வாயில் அடைக்கப்படவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என அவள் உரைக்க, தேவியின் சிலம்பில் உள்ளவை முத்துகள் என மன்னன் மறைக்காது கூறினான். தனக்கு எதிரான சான்றை அவனே அளித்தான். கோவலனிடம் கைப்பற்றிய சிலம்பைக் கண்ணகி உடைக்க, மாணிக்கம் தெறித்தது. மன்னன் காவலரை ஏவவில்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட தானே குற்றவாளி எனத் தீர்ப்புரைத்து, அரியணையிலேயே வீழ்ந்து உயிர்நீத்தான்.

அதன்பின் ஆற்றல் கண்ணகியின் கைக்கு மாறியது. மதுரையை எரிக்கத் தீக்கடவுளை ஏவியபோதும், முதியோரையும் குழந்தைகளையும் விலக்குமாறு பணித்துத் தன் சினத்துக்கு அவள் எல்லை வகுத்தாள். எனினும், அரசன் ஒருவன் செய்த பிழைக்கு ஊர் எரிந்தது.

பிழையை ஏற்ற மன்னனின் நேர்மை போற்றத்தக்கது. ஆயினும், அந்நேர்மை கோவலனை மீட்டுத் தரவில்லை. ஆணை பிறந்த பின் வருந்துவதினும், பிறக்குமுன் ஆராய்வதே ஆள்வோர்க்குரிய அறம்.