டிராம் ஓடும்போதே வந்துவிடுங்கள்

வெளியூர் நண்பருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது கொல்கத்தாவாசிகளுக்குப் பிடித்தமான வேலை. இப்போது அதில் கொஞ்சம் அவசரமும் சேர்ந்திருக்கிறது.

நண்பர் வருகிறார் என்றால் டெல்லிக்காரர் காருக்கு ஏற்பாடு செய்வார். மும்பைக்காரர் லீவு கிடைக்குமா என்று பார்ப்பார். கொல்கத்தாக்காரர் முதலில் யோசிப்பது சாப்பாட்டைப் பற்றி. எந்த வேளைக்கு எந்தத் தெரு என்பது முடிவான பிறகுதான் பார்க்க வேண்டிய இடங்கள் பற்றிய பேச்சே எழும்.

ஊர் காட்டும் படலம் பெரும்பாலும் ஹவுரா ரயில் நிலைய வாசலிலேயே தொடங்கிவிடும். எதிரே ஹூக்ளி. அதன் மேல் 1943-ல் திறக்கப்பட்ட ஹவுரா பாலம். சுமார் 26,500 டன் எஃகு. நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட்டுகளாலேயே இணைத்திருக்கிறார்கள். அக்கரைக்குப் போக பாலத்தின் மீது பஸ் உண்டு. படித்துறையிலிருந்து படகு உண்டு. 2024 மார்ச் முதல் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயிலும் உண்டு. சுமார் 520 மீட்டர் தூரத்தை அது 45 வினாடிகளில் கடந்துவிடுகிறது. விருந்தாளிக்கு மெட்ரோ ஆசை. ஊர்க்காரர் இழுத்துப்போவதோ படகுக்கு. மெட்ரோ சுரங்கத்தில் ஆறு இருக்கும் இடத்தைக் காட்ட நீல விளக்குகள் வைத்திருக்கிறார்கள். படகில் ஆறே இருக்கிறது.

அக்கரையில் பாலத்தின் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை. மஞ்சளும் ஆரஞ்சுமாக சாமந்தி மாலைகளைக் கயிற்றுக்கட்டு போலத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். வழிவிடாமல் நின்று படம் எடுப்பவருக்கு நல்ல வங்காள வசவு கிடைக்கும்.

ஞாயிறு என்றால் விடிந்தும் விடியாததுமாக டிரெட்டி பஜாருக்குப் போக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கு குடியேறிய சீனர்களின் பேட்டை அது. தெருவோரத்தில் ஆவி பறக்கும் பன்களும் மீன் உருண்டை சூப்பும் விற்பார்கள். எட்டு மணிக்கு மேல் போனால் வெறும் பாத்திரம்தான். 1962 போருக்குப் பின் சீன வம்சாவளியினர் பலர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். பிறகு பலர் கனடா போன்ற நாடுகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் குடும்பங்கள் கொஞ்சம். சீனர் அல்லாதவர்களும் இப்போது அங்கே கடை போடுகிறார்கள். பழைய கைப்பக்குவம் வேண்டுமென்றால் தள்ளிப்போடாமல் போய்விடுவது நல்லது.

புத்தகப் பிரியர்களுக்குக் காலேஜ் ஸ்ட்ரீட். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சீனச் சிற்றுண்டிக்கு ஞாயிறு, புத்தகத்துக்கு வார நாள். அதனால் நண்பர் இரண்டு நாளாவது தங்கியே ஆக வேண்டும் என்பது கொல்கத்தா கணக்கு. பழைய ஆல்பர்ட் ஹாலில் இயங்கும் காபி ஹவுஸை இப்போது நடத்துவது ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம். கும்பகோணம் டிகிரி காபியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அங்கே விலைபோவது காபியல்ல, நாற்காலி. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அரசியல் பேசலாம். எழுந்து போங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விக்டோரியா நினைவு மண்டபத்தைக் காட்டாமல் யாரும் நண்பரை அனுப்புவதில்லை. 1906-ல் அடிக்கல் நாட்டிய இந்தப் பளிங்கு மாளிகை 1921-ல் திறக்கப்பட்டது. இடையில் 1911-ல் தலைநகரம் டெல்லிக்கு மாறுவதாக அறிவிப்பு வந்துவிட்டது. பேரரசின் தலைநகருக்கென்று திட்டமிட்ட மாளிகை முடிந்தபோது தலைநகரமே அங்கு இல்லை. உள்ளூர்க்காரர்கள் உள்ளே போய்ப் பார்ப்பதைவிட வெளியே தோட்டத்தில் உட்காரவும், முடிந்ததும் பூச்கா சாப்பிடவுமே அதிகம் வருகிறார்கள். வட இந்தியாவின் கோல்கப்பாவும் பூச்காவும் ஒன்றுதானே என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. நட்புக்கே ஆபத்து.

மதியம் பிரியாணி. அதில் ஒரு முழு உருளைக்கிழங்கு இருக்கும். அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் ராஜ்யத்தை 1856-ல் ஆங்கிலேயர் பறித்ததும் அவர் கல்கத்தாவின் மட்டியாபுருஜில் வந்து தங்கினார். சமையல்காரர்களும் கூடவே வந்தார்கள். நவாபுக்குப் பணமுடை, இறைச்சிக்குப் பதில் கிழங்கு சேர்த்தார்கள் என்பது ஒரு கதை. அன்று உருளைக்கிழங்கு புதுமையான பண்டம், ஆகவே ஆடம்பரத்துக்காகச் சேர்த்தார்கள் என்பது இன்னொரு கதை. எந்தக் கதை சரி என்பதைப் பற்றி சண்டை போடுபவர்களும் கிழங்கு இல்லாத பிரியாணியைப் பிரியாணியாக ஏற்பதில்லை.

சைவ நண்பர் வந்தால் தர்மசங்கடம். வங்காளத்தில் அந்தணர் வீட்டிலும் மீன் உண்டு. ஆனால் ‘நிராமிஷ்’ சமையலைச் சாப்பிட்டுப் பார்த்த தமிழர் அசந்துபோவார். வாழைப்பூ, வாழைத்தண்டு, பலாப்பிஞ்சு - எல்லாம் நம் வீட்டுச் சமாச்சாரம். வெங்காயம், பூண்டு கிடையாது. இந்த ருசிக்குப் பின்னால் ஒரு சோகமும் இருக்கிறது. மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு என எல்லாம் மறுக்கப்பட்ட விதவைகளின் அடுப்படியில், தோலும் தண்டும் வீணாக்காமல் வளர்ந்த சமையல் இது. இலையில் அதை ரசித்துச் சாப்பிடும்போது அந்தப் பெண்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் இனிப்பு. பாக்பஜாரில் 1868-ல் நொபின் சந்திர தாஸ் ரசகுல்லா செய்தார் என்பது வங்காளத்தின் பெருமை. அது பூரி ஜெகந்நாதர் கோயில் பிரசாதம் என்பது ஒடிசாவின் வாதம். 2017-ல் வங்காள ரசகுல்லாவுக்கும் 2019-ல் ஒடிசா ரசகுல்லாவுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கொடுத்து முடித்துவைத்தார்கள். ஆனால் கொல்கத்தாவில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இவ்வளவையும் டாக்சியில் பார்த்துவிடலாம். ஆனால் மஞ்சள் அம்பாசிடர்களும் ஆயுள் முடிந்து ஒவ்வொன்றாக ஒதுங்குகின்றன. அந்தக் காரின் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. டிராமின் கதை இன்னும் கவலைக்கிடம். 1873-ல் குதிரை இழுக்க ஓடத் தொடங்கி, 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது கொல்கத்தா டிராம். ஹவுரா பாலத்தில் அது 1993-ல் நின்றது. 2024 செப்டம்பரில், மைதானத்தை ஒட்டிய ஒரு பாரம்பரியத் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். போக்குவரத்து நெரிசலுக்கு டிராமே காரணம் என்கிறது அரசுத் தரப்பு. புகை விடாத வாகனத்தைக் குறை சொல்கிறீர்களே என்கிறார்கள் டிராம் ஆர்வலர்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

தமிழ் வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1907-ல் நிதித் துறை அதிகாரியாக கல்கத்தா வந்த சி.வி. ராமன், பௌபஜார் தெரு வழியே டிராமில் போகும்போது ஓர் அறிவியல் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கிவிட்டார் என்று சொல்வார்கள். அலுவலக நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேதான் ஆராய்ச்சி. 1928 பிப்ரவரி 28 அன்று ‘ராமன் விளைவு’ கண்டறியப்பட்டதும் 1930-ல் நோபல் பரிசு கிடைத்ததும் அந்தக் கழகத்தில் செய்த வேலையால்தான்.

இன்று பௌபஜாருக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. 2019-ல் சுரங்கம் தோண்டியபோது மேலே வீடுகள் இடிந்து, குடும்பங்கள் வெளியேற வேண்டிவந்தது. தடைகளைத் தாண்டி 2025 ஆகஸ்டில் அந்தப் பாதையும் திறந்தாகிவிட்டது. வேகமான, குளுகுளு பயணம். அலுவலகம் போகிறவர்களுக்குப் பெரும் வசதி. ஆனால் அதில் போகிறவர் கண்ணில் பெயர்ப்பலகை எதுவும் படாது.