கூடையும் உவமையும்

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதியபோது, அதிலிருந்தவற்றை ‘ஒயர்க்கூடைக் கவிதைகள்’ என்று சொல்லியிருந்தேன். முடிச்சுக்குப் பின் முடிச்சு, எல்லாம் ஒரே மாதிரி, உள்ளே காலி என்பது என் வாதம். அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பத்திரிகை தபாலில் வந்த அன்று வீட்டிலிருந்த அக்கா அதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “கூட உள்ள காலியாத்தானடா இருக்கணும்? அப்பத்தான எதனா போட முடியும்?”

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. என் பி.ஏ. ஆங்கிலத்துக்குக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி அவள் பின்னி விற்ற ஒயர்க்கூடைகளிலிருந்து வந்தது. செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் யார் யார் கையிலோ அவள் கூடைகளைப் பார்த்திருக்கிறேன். பாலிதீன் பைகள் மலிந்தபின் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்ததும் மறுபடி கேட்டார்கள். அதற்குள் அவள் விரல் மூட்டுகள் மடங்க மறுத்துவிட்டன.

அவளுக்கே ஒரு கூடை பின்னித் தருவதென்று தீர்மானித்தேன். பிராயச்சித்தம் என்று சொல்லமாட்டேன். ஒரு உவமையைச் சரிபார்க்கும் காரியம், அவ்வளவுதான். கர்வம் அப்போதும் விடவில்லை; சாதாரண முடிச்சு போதாதென்று ‘சிவன் கண்’ணை எடுத்துக்கொண்டேன். பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் அக்காவுக்குத் தெரியாமல் சொல்லிக்கொடுத்தார்.

1690இல் தொடங்கிய முகலாய முற்றுகைக்குச் செஞ்சிக் கோட்டை பணிய எட்டு வருஷம் ஆயிற்று. என் கூடைக்கு ஒன்பது மாதம். பகலெல்லாம் வங்கியில் கூட்டல் சரிபார்க்கிற எனக்கு ராத்திரியில் ஒயர்களை எண்ண வரவில்லை. அடிப்பாகத்தையே இரண்டு தடவை அவிழ்த்தேன். பிறகு ஐந்தாம் வரிசையில் விட்ட பிசகு பதினொன்றாம் வரிசையில்தான் தெரிந்தது, கண் கூடவில்லை. அவிழ்த்த ஒயர் பழைய முடிச்சை ஞாபகம் வைத்திருக்கிறது, நெளிந்தது நெளிந்ததுதான். எழுத்தில் அடித்தல் திருத்தலை அச்சு மறைத்துவிடும். இங்கே மறைக்க ஆளில்லை.

எல்லாம் ஒரே மாதிரி என்று எழுதியவன் நான். ஒரே மாதிரி வருவது தானாக நடப்பதல்ல. ஒவ்வொரு முடிச்சிலும் இழுப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கோபத்தோடு இழுத்தால் அந்தப் பக்கம் ஒடுங்குகிறது. அலுப்போடு இழுத்தால் தொய்கிறது. இருபது வருஷம் அக்கா தன் கோபத்தையும் அலுப்பையும் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. கூடைகளில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் உட்கார்ந்து பின்னுவேன், எதிரே ராஜகிரி. கோட்டைக்குள்ளிருக்கும் வெங்கடரமணர் கோவில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதாம். அழகாகத்தான் நிற்கின்றன, மேலே தாங்குவதற்கு ஒன்றுமில்லை. என் உவமையும் அப்படித்தான் என்று ஒருநாள் பட்டது. அக்காவின் உழைப்பிலிருந்து பெயர்த்து என் வாக்கியத்தில் அலங்காரமாக நட்டது. அந்தக் கவிதைகளைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை, அவை மோசமானவைதாம். ஏன் மோசம் என்று சொல்வதற்குப் பதில் ஒரு கூடையைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன்.

கைப்பிடியைச் சுற்றி, முனைகளை உள்ளே சொருகி, கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கண்களைப் பார்க்கவில்லை. கூடையைக் கவிழ்த்து, மடங்காத கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்து ஒரு மூலையில் நிறுத்தினாள்.

“இங்க கை தளந்திருக்கு. அன்னிக்கி என்னடா யோசன?”

யோசித்துப் பார்த்தேன். அன்றுதான் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமென்று முதலில் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை. இவ்வளவு துல்லியமாக ஒரு மதிப்புரை நான் எழுதியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சந்தையிலிருந்து திரும்பும்போது கூடை நிறைய வெங்காயமும் மேலே ஒரு கட்டு முருங்கைக்கீரையும் இருந்தன. தளர்ந்த மூலை கொஞ்சம் தாழ்ந்திருந்தது.