கயிறு பிடிக்கிறவன்

2023 ஆகஸ்ட் 5. தூத்துக்குடியில் பனிமய மாதாவின் தங்கத்தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கோயிலுக்குப் போவதைக் காலேஜிலேயே விட்டவன் நான். எனக்கு முன்னால், அதே வடத்தில், சொத்துத் தகராறில் ஆறு வருடமாகப் பேசாத பெரியப்பா மகன்.

ராபின் டன்பாரும் கூட்டாளிகளும் ஆக்ஸ்ஃபோர்டு படகு வீரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தனியாகத் துடுப்புப் போட்டதைவிடச் சேர்ந்து போட்டபோது வலி தாங்கும் சக்தி கூடியது. ஆதிமனிதக் கூட்டங்களையும் இப்படி உடல்கள் ஒன்றாக அசைந்ததுதான் ஒட்டவைத்தது என்பது டன்பாரின் ஊகம்.

எங்கள் கடலில் அது வேறு மாதிரி. 13ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு என்று எழுதுகிறார். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். அப்புறம் எவன் திருட்டுத்தனமாக இறங்குவான்? சுறாவை விடுங்கள், மனுஷனைக் கட்டியிருக்கிறார்கள். 1530களில் பரதவர்கள் கத்தோலிக்கரான பிறகும் கடல்கட்டி காணாமல் போகவில்லை.

1961இல் இங்கே நடந்த முத்துக்குளிப்பில் தாத்தா இறங்கியிருக்கிறார். "கல்லோட உள்ள போறவனுக்கு மேல கயிறு பிடிக்கிறவன்தாம்ல உசுரு. அதான் மச்சான பிடிக்கச் சொல்லுறது. தங்கச்சி தாலிய அவனே அறுப்பானா?" என்பார்.

தேர் அசைந்தது. வடம் கையை உரித்துக்கொண்டு ஓடியது. அண்ணன் திரும்பாமலே கத்தினான்: "ஏல, இறுக்கிப் பிடில!"

"பிடிச்சிருக்கேண்ணே" என்றேன்.