நீல விளக்கும் ஜீன் வார்டும்

பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் தோலும் விழிவெண்மையும் மஞ்சளாக மாறுவது பச்சிளங்குழந்தைக் காமாலை எனப்படும். சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை, இன்னும் முதிராத கல்லீரல் விரைந்து வெளியேற்ற இயலாததே இதற்குக் காரணம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானே தணிந்துவிடும் எனினும், அளவு மீறினால் அந்நிறமி மூளையின் ஆழ்பகுதிகளில் படிந்து, உயிரையோ செவித்திறனையோ உடலியக்கத்தையோ பறிக்கும் ‘கெர்னிக்டெரஸ்’ என்னும் மூளைப் பாதிப்பில் கொண்டுவிடும்.

மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் மலேசியாவின் பினாங்குத் துறைமுகத்தில் இந்நோய்க்குத் தனியானதொரு கூர்மை உண்டு. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக அமைந்த குழந்தைகள், குறிப்பாக ஆண் குழந்தைகள், இவ்வட்டாரத்துச் சீன, மலாய்க் குடும்பங்களில் கணிசமாகப் பிறக்கின்றனர். துணிப்பெட்டியில் பூச்சி அண்டாமல் போடப்படும் அந்துருண்டையின் நாப்தலீன் ஆவி ஏறிய துணியைப் போர்த்தினாலே அக்குழந்தைகளின் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து காமாலை விரைந்து ஏறக்கூடும். இதனாலேயே அண்டை நாடான சிங்கப்பூரில் 1965 முதல் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்நொதியைச் சோதிக்கும் முறை தொடங்கியது. மலேசிய அரசு மருத்துவமனைகளிலும் அச்சோதனை பின்னர் வழக்கமாயிற்று.

காமாலை முற்றிய குழந்தைக்கு முன்பு இருந்த பெருஞ்சிகிச்சை, தொப்புள் சிரையின் வழியே குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து, வேறொருவர் இரத்தத்தைச் செலுத்தும் குருதி மாற்றமே. இன்று அதன் தேவையைப் பெரிதும் குறைத்திருப்பது ஒளிமருத்துவம். கண்களை மறைத்து, உடலில் நீல ஒளி படும்படி குழந்தையைக் கிடத்தினால், தோலுக்கடியிலுள்ள பிலிருபின் அவ்வொளியை ஈர்த்து வடிவம் மாறி, கல்லீரலில் வேதிமாற்றம் அடைய வேண்டிய தேவையின்றியே பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. பினாங்கின் பேறுகால மனைகளில் பல தலைமுறைக் குழந்தைகளைக் காத்த இவ்விளக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடினால், முதலில் கிடைப்பது 1968ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வெர்மாண்டில் ஜெரோல்ட் லூசியும் அவர் குழுவினரும் குறைமாதக் குழந்தைகளிடம் முறையான ஒப்பீட்டு ஆய்வு நடத்தி இச்சிகிச்சையின் பயனை நிறுவினர். அதற்கும் பத்தாண்டு முன்னர், 1958இல், இங்கிலாந்தின் ‘லான்செட்’ இதழில் கிரெமர், பெரிமேன், ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரையே முதல் பதிவு. ஆனால் தேடல் அங்கும் நின்றுவிடுவதில்லை.

அக்கண்டுபிடிப்புக்குச் சாட்சியான மருத்துவர் டாப்ஸ், 1975இல் கிரெமருடன் சேர்ந்து எழுதிய நினைவுக்குறிப்பு, 1956ஆம் ஆண்டுக் கோடையில் எசெக்ஸ் மாவட்டத்து ராச்ஃபோர்டு பொது மருத்துவமனைக்கு வாசகரை அழைத்துச் செல்கிறது. குறைமாதக் குழந்தைப் பிரிவின் பொறுப்பில் அங்கிருந்தவர் சிஸ்டர் ஜீன் வார்ட். சிஸ்டர் என்பது ஒரு பிரிவுக்கே பொறுப்பேற்கும் மூத்த தாதியின் பதவிப்பெயர். பினாங்கிலும் அது புழக்கத்தில் உள்ளது. நாய்க்குட்டிகளை வளர்த்தெடுப்பதில் அவருக்கிருந்த கைத்தேர்ச்சியே அப்பொறுப்பு அவரிடம் வரக் காரணம் என்று அக்குறிப்பு கூறுகிறது. நொய்ய இளம் உயிர்களைப் பிழைக்க வைக்கும் கை எது என்பதை அந்நிர்வாகம் சரியாகவே அறிந்திருந்தது. வெப்பப் பெட்டியின் புழுக்கத்தைவிட வெயிலும் காற்றும் நலம் என நம்பிய வார்ட், வெதுவெதுப்பான நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டு சென்றார். ஒருநாள் மருத்துவர்கள் பிரிவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, ஒரு குழந்தையின் ஆடையை விலக்கிக் காட்டினார்: உடலெங்கும் மஞ்சள் வெளிறியிருக்க, ஒரு முக்கோணப் பரப்பு மட்டும் அடர்மஞ்சளாகத் தங்கியிருந்தது. ஏதேனும் மருந்து பூசினீர்களா என்று டாப்ஸ் கேட்டார். விரிப்பின் நுனி வெயிலை மறைத்த இடமே அது என்று வார்ட் விளக்கினார்.

சில வாரங்களில், வெயில் படும் சன்னலோரத்தில் கிடந்த இரத்த மாதிரியில் பிலிருபின் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்திருப்பதை ஆய்வகம் கண்டபோது, வார்ட் காட்டிய முக்கோணத்துக்குப் பொருள் கிடைத்தது. அதன் பின்னரே நீலக்குழல் விளக்குகளைக் கொண்ட முதல் கருவி அமைந்தது. 1958ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் வார்டின் பெயர் இல்லை. அளந்தவர்களின் உழைப்பு மெய்யானது. ஆயினும் அளக்கத்தக்கது ஒன்று உண்டு என்று முதலில் கண்டது, அன்றாடம் குழந்தையைத் தொட்டுத் தூக்கி உடைமாற்றிய தாதியின் கண். ஆகவே இக்கண்டுபிடிப்பின் ஊற்றை அம்முற்றத்திலேயே வைப்பதுதான் நேர்மை.

இவ்வரலாற்றைக் கேட்டுக் காலை வெயிலில் குழந்தையைக் காட்டினால் போதும் என்று கருதுவது ஆபத்து. வீட்டு வெயிலில் போதிய நீல ஒளி சேர்ந்ததா என்று அளக்க வழியில்லை; பினாங்கின் வெப்பத்தில் தோல் எரிந்து உடல்நீர் வற்றவும் கூடும். அதனினும் கொடியது, மருத்துவமனைக்குச் செல்லும் நேரம் அதில் கழிந்துவிடுவது.

கண்ணுக்கும் எல்லையுண்டு. மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கால்களை நோக்கி இறங்கும் முறையை 1969இல் கிராமர் என்னும் வேறொருவர் வகுத்தார். எனினும் கருந்தோலில் அதைத் தீர்மானிப்பது கடினம் என்பதால் இன்று இரத்த அளவே முடிவுக்கு அடிப்படை. ஆனால் எந்தக் குழந்தையின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று முதலில் ஐயுறுவோர், பேறு முடிந்த வீடுகளுக்குச் சென்று, விரலால் தோலை அழுத்திப் பார்த்து, தாய்ப்பால் குடிக்கிறதா, ஈரத்துணி எத்தனை மாற்றினீர்கள் என்று தாயிடம் கேட்கும் அரசுச் சுகாதாரத் தாதியரே. ஜி6பிடி குறைபாடு பதிவான குழந்தையின் வீட்டில், துணிப்பெட்டியில் அந்துருண்டை இருக்கிறதா என்றும் அவர்கள் சேர்த்துக் கேட்பது இன்றியமையாதது.