பத்தடி அறையும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டும்

வீட்டில் ஒலிப்பதிவு அறை வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு உடனே மைக் பக்கம் போய்விடுகிறது. என்ன மைக், என்ன ஸ்பீக்கர், எத்தனை ரிங்கிட் என்று கேட்டுக்கொள்வார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. ஒரு மெட்டு மனதில் எழுந்ததிலிருந்து அதைப் பதிவு செய்யத் தொடங்கும்வரை உங்கள் அறையில் எவ்வளவு நேரம் போகிறது? ஒரு நிமிடம் என்றால் அந்த அறை எவ்வளவு எளியதாக இருந்தாலும் நல்ல அறை. அரை மணி நேரம் என்றால், உள்ளே என்ன விலையுயர்ந்த கருவி இருந்தாலும் அதை ஒருமுறை கலைத்து மறுபடி அடுக்கத்தான் வேண்டும்.

கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்கிறவர்களுக்கு இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. 1996-இல் திறக்கப்பட்ட, மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா இது. இன்டெல், இன்ஃபினியோன், சில்டெர்ரா என்று சிப்பும் வேஃபரும் செய்யும் தொழிற்சாலைகள் இரவு பகலாக இங்கே ஓடுகின்றன. பாடாங் செராய், லூனாஸ், காராங்கான் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஷிப்ட் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் வார இறுதியில் உறுமி மேளத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள், கல்யாணத்தில் கீபோர்டு வாசிக்கிறவர்கள், ராப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏழுக்கு ஏழு ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம் அங்கேயே போய்விடுகிறது. பயணம், குளியல், சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் போக, பாட்டுக்கென்று மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதில் பாதி கேபிள் தேடுவதிலும் மென்பொருளில் டிராக் திறப்பதிலும் கரைந்தால், மிச்சம் இருப்பது களைப்பு மட்டும்தான்.

இதற்கு வழி எனக்குத் தொழிற்சாலையிலிருந்துதான் கிடைத்தது. உற்பத்தித் துறையில் இருப்பவர்களுக்கு ஷிகெயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளரின் பெயர் தெரிந்திருக்கும். 1969-இல் டொயோட்டாவின் ஆயிரம் டன் பிரஸ் இயந்திரத்தில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவர் அதை முதலில் ஒன்றரை மணி நேரமாகவும் பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தார். ஆட்களை வேகமாக ஓடவிட்டு அவர் இதைச் சாதிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டிய வேலை எது, அது ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்தார். இரண்டாவது வகையை முழுவதும் முன்கூட்டியே முடித்துவைக்கச் சொன்னார். அவ்வளவுதான். நம் தோட்டத்துப் பெரியவர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். பால்வெட்டும் கத்தியைத் தீட்டி, வாளியைக் கழுவி, தலைவிளக்கைச் சரிபார்த்து முதல் நாள் மாலையே வைத்துவிடுவார்கள். விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குக் கிளம்பும்போது எதையும் தேட மாட்டார்கள்.

பாட்டுக்காரனுக்கு மனம்தான் இயந்திரம். அது சூடாக இருக்கும்போது வேறு வேலை எதுவும் குறுக்கே வரக் கூடாது. அறையை மாற்றும்போது ஒவ்வொரு பொருளையும் 'இதை முன்கூட்டியே தயாராக வைக்க முடியுமா?' என்ற ஒரே கேள்வியோடு கையில் எடுத்தேன்.

முதலில் மைக். பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்டாண்டில் மாட்டி, கேபிள் செருகி, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன். இப்போது ஒரு மைக் ஸ்டாண்டிலேயே, கேபிளோடு, ஒலியைக் கணினிக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸில் செருகியபடியே நிற்கிறது. தூசிக்கு ஒரு துணியுறை போதும். இது டைனமிக் மைக். நம் ஊருக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும், ஈரப்பதமும் அதற்கு எதிரி. எங்கள் வட்டாரத்தில் காற்றில் ஈரம் எப்போதும் மிகுதி என்பதால் அதை உலர்பெட்டியில் பூட்டித்தான் வைக்க வேண்டும். பூட்டி வைத்த மைக் பாட்டைப் பிடிக்காது. அதோடு, கண்டென்சர் மைக் எல்லாவற்றையும் கேட்கும்: தகரக் கூரையில் விழும் மழை, சந்தில் போகும் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டு மிக்ஸி. 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57-உம் அடுத்த ஆண்டு வந்த எஸ்எம்58-உம் இன்றுவரை உலகம் முழுவதும் புழங்குவதற்குக் காரணம் உண்டு. அவை வாய்க்கு அருகில் இருப்பதைக் கேட்கும். தூரத்துச் சத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

அடுத்தது கணினி. திறந்ததும் வெற்றுப் பக்கம் வரக் கூடாது. குரல், கீபோர்டு, உறுமி, தவில், தாளத்துடிப்பு என்று டிராக்குகளுக்குப் பெயர் வைத்து, நிறம் கொடுத்து, உள்ளீடுகளையும் இணைத்து ஒரு வார்ப்புருவைச் சேமித்து வைத்திருக்கிறேன். கணினியைத் திறந்தால் அதுதான் வரும். பஃபர் அளவும் அதில் 128 சாம்பிள் என்று நிற்கும். 48,000 ஹெர்ட்ஸில் அது மூன்று மில்லிவினாடிக்கும் குறைவான தாமதம். 1024 வைத்தால் 21 மில்லிவினாடி ஆகிவிடும். பாடுகிறவருக்குத் தன் குரலே பின்னால் வருவதுபோல் இருக்கும், தாளம் தடுமாறும். கலவை செய்யும் நாளில் மட்டும் அதை உயர்த்திக்கொள்ளலாம். மின்சாரம் எல்லாம் ஒரே சுவிட்ச் வரிசையில் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு மட்டும் தனி சுவிட்ச், ஏனென்றால் அதைக் கடைசியில் போட்டு முதலில் அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் 'டப்' என்ற அடி ஸ்பீக்கர் கூம்பில் விழும்.

கேபிள்களுக்கு நீளவாரியாகக் கொக்கி மாட்டியிருக்கிறேன். தொழிற்சாலையில் கருவியின் நிழலுருவைப் பலகையில் வரைந்து, எது இடத்தில் இல்லை என்று பார்த்ததும் தெரியும்படி வைப்பார்கள். அதே ஏற்பாட்டை அறைச் சுவரில் செய்தால், இரவல் போன கேபிள் எது என்பது தேடாமலே தெரிகிறது. முழங்கையில் சுற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு சுற்று நேராகவும் அடுத்த சுற்று உள்பக்கம் திருப்பியும் சுற்றினால் உள்ளிருக்கும் கம்பி முறுக்கேறாது, விரிக்கும்போது சிக்கும் விழாது.

அறையின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தாமான் குடியிருப்பு வீடுகளில் பலருக்குக் கிடைப்பது பின்பக்கத்துச் சிறிய அறை, பத்தடிக்குப் பத்தடி. சதுர அறை ஒலிக்கு நல்லதல்ல. எங்கள் வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது. பத்தடி என்பது மூன்று மீட்டரை ஒட்டிய தூரம். இரண்டு சுவர்களுக்கிடையே போய்த் திரும்பும் அலை ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸில் நின்று முழங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே முழக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. பாஸ் கிட்டாரின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். அதனால் சுவரோரம் உட்கார்ந்து கேட்டால் அந்தச் சுரம் அளவுக்கு மேல் உறுமும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் காணாமலே போகும். பாட்டைக் காரில் போட்டுக் கேட்கும்போது எல்லாம் மாறியிருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். காசு செலவில்லாத மருந்து, மேசையை நகர்த்துவது. முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 விழுக்காட்டுத் தூரத்தில், பத்தடி அறையில் நாலடிக்குச் சற்றுக் குறைவாக, தலை இருக்குமாறு நாற்காலியைப் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். பிறகு ஒருவரைப் பக்கச்சுவரில் கண்ணாடியை நகர்த்தச் சொல்லி, ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அந்த இடத்தில் பாறைக்கம்பளி அடைத்த பலகையை மாட்டுங்கள். முட்டை அட்டை ஒட்டுவதால் பயன் மிகக் குறைவு. துணி நிறைந்த அலமாரியைப் பின்மூலையில் நிறுத்துவது அதைவிட நல்லது.

உறுமிக்கு என் முடிவு வேறு. ஒரு தோலை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமவைத்து, மறுதோலை மெல்லிய குச்சியால் அடிக்கும் வாத்தியம் அது. பத்தடி அறைக்குள் அது அடங்காது, அடக்கவும் கூடாது. சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீட்டில், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது, அதை வாசிப்பது முறையும் இல்லை. எனவே இன்டர்ஃபேஸ், இரண்டு மைக், நான்கு கேபிள், மடிகணினி இவ்வளவையும் ஒரே பையில் அடுக்கி, கதவோரம் வைத்திருக்கிறேன். குழுவினர் கோயில் மண்டபத்தில் பயிற்சிக்குக் கூடும்போது அந்தப் பையோடு போகிறேன். மழைநாளில் தோல் தளர்ந்துவிடும், சூடு காட்டி இழுத்த பிறகுதான் சுருதி நிற்கும். அந்த நேரத்தில் மைக்கைப் பொருத்தி முடித்துவிடலாம். அவர்களும் காத்திருக்க வேண்டாம், நானும் காத்திருக்க வேண்டாம்.

வீட்டு அறைகளில் பிறந்த இசையின் வரலாறு சிறியதல்ல. ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். கூடம் எழும்பியபின் கருவி வாங்கக் காசில்லாமல், தாயார் நகையைக் கொடுத்து உதவியதை அவரே சொல்லியிருக்கிறார். 1992-இல் வந்த 'ரோஜா' படத்தின் ஒலி அங்கேதான் உருவானது. இரவெல்லாம் உழைத்த அவருக்கு, அன்று வீட்டையும் கூடத்தையும் பிரித்தது சில அடிகள்தான். அதே காலத்துக்குச் சில ஆண்டுகள் முன், 1982-இல், அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வாடகை வீட்டின் படுக்கையறையில் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் பாடிவைத்தார். அவை மாதிரிப் பதிவுகள் மட்டுமே. பிறகு குழுவோடு பெரிய கூடத்தில் அதே பாடல்களைப் பாடியபோது அந்த உயிர் வரவில்லை. கடைசியில் படுக்கையறை கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது. மலேசியாவில் யோகி பி - நட்சத்திராவின் 'வல்லவன்' ராப் ஆல்பம் 2006-இல் வந்த பிறகு, தாமான் வீட்டுப் பின்னறையிலும் தமிழ்ப் பாட்டு செய்யலாம் என்ற துணிவு எத்தனையோ இளைஞர்களுக்கு வந்தது. அதை என் கண்ணெதிரே பார்த்தவன் நான்.

ஆனாலும் நான் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, அறைக்கு வெளியே செய்த ஒன்று. வீட்டின் முன்கூடத்துச் சுவரில் ஒரு சிறிய மைக் சாக்கெட் பெட்டி பொருத்தி, அங்கிருந்து கேபிளைக் கூரையோரமாக அறைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். என் மனைவியின் பாட்டி காராங்கான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். குழந்தையைத் தொட்டிலில் போட்டதும் தானாகப் பாடுவார். "பாடுங்க பாட்டி, பதிவு பண்றேன்" என்று உட்காரவைத்தால் வாயே திறக்க மாட்டார். கூடத்தில் ஒரு மைக் நாற்காலி போல எப்போதும் நிற்பதால் அதை அவர் பொருட்படுத்துவதில்லை. அறையில் நான் பொத்தானை அழுத்துகிறேன், அவர் பாடுகிறார். ஒருநாள் ஹெட்போனில் அவருக்கே போட்டுக் காட்டினேன். "என்னாய்யா, இதையெல்லாமா புடிச்சு வச்சிருக்கே? இது எங்கம்மா எனக்குப் பாடுனது" என்றார். பிறகு, கேட்காமலே, நடவு முடிந்து பெண்கள் பாடியதாகத் தன் தாய் சொன்ன பாட்டொன்றையும் பாடினார். அந்தத் தாய் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்.

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறிவிட்டன. தோட்டத்து லயத்து வீடுகளில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் தாமான்களில் சிதறியிருக்கிறார்கள். அவர்கள் நெஞ்சிலிருக்கும் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. இதைத் தடுக்க விலையுயர்ந்த ஒலிப்பதிவுக் கூடம் தேவையில்லை. தயாராக நிற்கும் ஒரு மைக் தேவை.

கோப்புகளை நான் ஆண்டு, மாதம், நாள், பாடியவர், ஊர் என்ற வரிசையில் பெயரிடுகிறேன். மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. நல்லதோ கெட்டதோ, பெரியவர்கள் பாடிய எதையும் அழிப்பதில்லை.

பாடாங் செராயிலும் லூனாஸிலும் கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்தப் பாட்டை எப்போதும்போலச் செய்யுங்கள். அத்தோடு, எண்பதைத் தாண்டிய ஒருவர் இருக்கும் வீட்டுக்கு இந்த மாதமே பையை எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டுக்கு முன் அவர் பெயரையும், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியை அவர் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.