காய்க்கப் போகிற பூ

சென்னையில் பூவுக்குப் பஞ்சமில்லை. கோயம்பேட்டிலிருந்து விடியுமுன்னே கிளம்பி மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி எல்லாம் எங்கள் தெருமுனைப் பூக்காரம்மாவின் கூடைக்கு வந்துவிடுகின்றன. மல்லி மொட்டாக வரும். சாயந்திரம் தலையில் விரியும். மறுநாள் காலை குப்பைக்குப் போகும். தஞ்சாவூர்ப் பக்கம் நாங்கள் விட்டுவந்த வீட்டில் பூவின் கதை அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. பூ வாடிய பிறகு அங்கே வேலை பாக்கியிருக்கும். அந்த மிச்சக் கதை கண்ணில் படாமல் போனதுதான் எனக்கு ஆறவேயில்லை.

வீட்டை விற்றாயிற்று. கிணற்றடியிலிருந்து வேலி வரை கிடந்த கொல்லையில் இப்போது சிமென்ட் தளம், அதன்மேல் ஒரு கார். வாங்கியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் தேவை அவர்களுக்கு.

கிணற்றடியில் நின்றது ஐந்திதழ்ச் சிவப்புச் செம்பருத்தி. இதழின் அடியைக் கிள்ளினால் பிசுபிசுவென்று இருக்கும். மூக்கில் ஒட்டிக்கொண்டு சேவல் மாதிரி கொக்கரிப்போம். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் மேல்பாதியெங்கும் மஞ்சள் பொடி சுமந்த குட்டிக் குட்டித் தலைகள், நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள். குழாயை நகத்தால் கீறினால் உள்ளே ஒரு மெல்லிய இழை அடிவரைக்கும் ஓடும். அந்த இழை எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதற்காகவே எத்தனையோ பூக்களைப் பாழாக்கியிருக்கிறோம்.

வேலியோரத்து அகத்தி பூத்தால் சமையல். பிறை போல வளைந்த வெள்ளைப் பூவைப் பிரித்து உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். அந்த வேலை எங்களுக்கு. நரம்பு என்று நாங்கள் உருவிப் போட்டதில் பத்து இழைகள் இருக்கும். ஒன்பது ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும், ஒன்று மட்டும் தனியாக நிற்கும். கசங்காமல் இதழைத் திருப்பிப் பார்த்தால் பெரிய இதழ் ஒன்று மேலே விரிந்திருக்கும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, அடியில் இரண்டு இதழ்கள் சேர்ந்து ஓடம் போலக் குவிந்து நரம்பை மூடியிருக்கும்.

பிளஸ் டூவில் தாவரவியல் எடுத்தபோதுதான் இதற்கெல்லாம் பெயர் உண்டு என்று தெரிந்தது. ஆய்வகத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டில் தண்ணீர், பாதி பிளேடு, இரண்டு ஊசி, ஒரு பூ. நெடுக்கில் பிளந்து, வரைந்து, பாகம் குறித்து, மலர்ச் சூத்திரம் எழுத வேண்டும். வெளியே பச்சையாகப் புல்லி வட்டம், மொட்டைக் காப்பதற்கு. அடுத்து அல்லி வட்டம், பூச்சியை அழைப்பதற்கு. பிறகு மகரந்தத்தாள்கள். நடுவில் சூலகம்: ஏந்திக்கொள்ள முடி, இறக்கிவிடத் தண்டு, சூல்களைச் சுமக்கப் பை. செம்பருத்தியின் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒரே குழாயாக இணைந்தவை, ஒற்றைக்கற்றை, குடும்பம் மால்வேசி. அகத்தியுடையவை ஒன்பதும் ஒன்றும், இருகற்றை; குடும்பம் ஃபேபேசி. மேல் இதழ் கொடி அல்லி, பக்கத்தவை சிறகு அல்லி, அடியில் இருப்பது படகு அல்லி. புத்தகத்தைப் படித்தபோது புதிதாக எதையும் கற்ற மாதிரி இல்லை. எங்கள் கொல்லைக்கு யாரோ வந்து கணக்கெடுத்துப் போன மாதிரி இருந்தது.

வாழையின் கணக்கு வேறு. குலை தள்ளியதும் முதலில் விரியும் மடல்களுக்குள் இருப்பவை பெண் பூக்கள். சீப்பாக மாறுவது அவைதான். அதற்கப்புறம் மடல் மடலாக வருபவை ஆண் பூக்கள். காயாகாமல் மடலோடு உதிர்ந்து போகும். குலை இறங்கிய பிறகு நுனிப் பூவை வெட்டினால் வாழைக்கு நஷ்டமில்லை, நமக்கு உசிலி. அத்தை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்காருவாள். ஒவ்வொரு பூவிலும் தலை தடித்த விறைப்பான கள்ளனையும், கண்ணாடி போன்ற சின்னச் செதிலையும் உருவிவிட்டு, மீதியை மோர் கலந்த தண்ணீரில் போடுவாள். கள்ளன் என்பது சூலகத் தண்டும் முடியும். செதில் என்பது மற்ற ஐந்தோடு சேராமல் தனித்து நிற்கும் ஆறாவது இதழ். நாம் சாப்பிடும் வாழைக்கு மகரந்தம் வந்து சேராமலே காய் பிடித்துவிடும். அதனால்தான் பழத்தில் விதை இல்லை.

செடியிலேயே பழுத்த வாழைப்பழத்தின் நுனியில் கருகி ஒட்டிக்கொண்டிருப்பது பூவின் மிச்சம். கத்தரிக்காயின் முள்தொப்பி அதன் புல்லி வட்டம். காயோடு கூடவே வளர்ந்தது. மாதுளையின் தலையிலுள்ள கிரீடமும் அப்படித்தான். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறை தெரிகிறதே, அவை செம்பருத்தி நுனியில் பார்த்த ஐந்து பொட்டுகளின் உறவு. இரண்டும் ஒரே குடும்பம். சென்னைச் சமையலறையிலும் இவ்வளவும் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முடிவு மட்டும்தான் கைக்கு வருகிறது. நடுவில் நடந்தது வேறெங்கோ, வேறு யாருடைய கண்முன்னோ நடந்து முடிந்துவிடுகிறது.

நடுவில் நடப்பதைப் பார்க்க மார்கழி வேண்டும். வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்துப் பரங்கிப் பூ செருக வேண்டும். பனியோடு கொடிக்குள் கையை விட்டுப் பறிக்கிற பொறுப்பு என்னுடையது.

“காம்பு நீளமா இருக்கறதைப் பறிடி. அடியில குண்டா இருந்தா தொடாதே. அது காய்க்கப் போற பூ” என்பாள் அத்தை.

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒரே கொடியில் ஆண் பூக்கள் முதலில் வரும். பெண் பூ பிந்தித்தான் தலைகாட்டும், அதுவும் கொஞ்சமாக. பெண் பூவுக்கு அடியில், இதழ் விரியுமுன்பே, கோலிக்குண்டு அளவில் பரங்கிக்காய் உட்கார்ந்திருக்கும். கீழ்மட்டச் சூலகப்பை என்று பிறகு படித்தேன். விடியலில் விரிந்து உச்சிப்பொழுதுக்குள் பூ கூம்பிவிடும். அதற்குள் வண்டு வந்துபோயிருக்க வேண்டும். வராவிட்டால் அந்தக் குட்டிக்காய் மஞ்சளடித்து வெம்பி விழுந்துவிடும். வண்டு நடமாட்டம் குறைந்த நாட்களில் அத்தையே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்தெறிந்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிடுவாள். ஜெர்மனியில் ட்யூபிங்கனைச் சேர்ந்த காமராரியஸ் ஆமணக்கின் ஆண் பூக்களை முற்றுமுன்பே அகற்றிப் பார்த்து, விதை பிடிக்கவில்லை என்று கண்டார். தாவரத்துக்கும் ஆண் பெண் உண்டு என்று 1694-இல் எழுதினார். எங்கள் வேலியிலும் ஆமணக்கு நின்றது. அத்தைக்கு அவரைத் தெரியாது, பரங்கியைத் தெரியும்.

தடவிய பூவை மறுநாளும் போய்ப் பார்ப்போம். இதழ் சுருங்கித் தொங்கும். அடுத்தடுத்த நாட்களில் காம்பு தடித்து, குண்டு பெருத்து, ரோமம் உதிர்ந்து பளபளக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அடியில் வைக்கோல் கொடுத்து வைப்போம்.

மார்கழியில் இங்கும் பரங்கிப் பூ விற்பனைக்கு வருகிறது. நானும் வாங்கி அடுக்குமாடி வாசலில் வைக்கிறேன். கூடையில் இருப்பவை எல்லாம் நீளக்காம்பு ஆண் பூக்கள். கொடி வைத்திருக்கிறவர்கள் பெண் பூவைப் பறித்து விற்க மாட்டார்கள், விற்றால் காய் போய்விடும். எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்தப் பூ கடைக்கு வராது. பார்க்க ஆசைப்பட்டால் சொந்தமாக ஒரு கொடி வேண்டும், கொடிக்குக் கொஞ்சம் மண் வேண்டும். அந்த மண்ணைத்தான் நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம்.