பாசறை கற்றுத்தரும் பாடம்



"சேர், மூன்று நாள் சாரணர் பாசறையாம். மகனை அனுப்பினால் படிப்புக் கெடாதோ?" சாதாரண தர மாணவர்களின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரியூசன் ஆசிரியரான நான் "அனுப்புங்கள்" என்று சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கிறது. அதற்கான காரணத்தை உங்களுக்கும் கூற விரும்புகின்றேன்.

முதலில் சொல்லைக் கவனியுங்கள். சங்க இலக்கியத்தில் பாசறை என்பது போருக்குச் சென்ற படை தங்கும் இடம். அதற்கு இன்று நாம் வழங்கும் "முகாம்" என்ற சொல், உங்கள் பெற்றோரில் பலருக்கு இடம்பெயர்ந்து வாழ்ந்த தறப்பாள் கொட்டில்களையும் தண்ணீருக்கு நின்ற வரிசையையும் நினைவூட்டும். பிள்ளையைக் கூடாரத்துக்கு அனுப்ப அவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. அதனைப் பரிகசிக்க வேண்டாம். அந்த முகாம்களுக்கு மக்கள் வேறு வழியின்றிச் சென்றார்கள். சாரணர் பாசறைக்கோ நாம் விரும்பிச் செல்கிறோம். கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

பேடன் பவல் 1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் பிறவுன்சீ தீவில் முதலாவது பரீட்சார்த்தப் பாசறையை நடத்தினார். ஏறத்தாழ இருபது சிறுவர்கள் அதில் பங்குபற்றினர். பெயர்பெற்ற பாடசாலைகளில் கற்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்து நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் சிறுவன் ஒருவனே தலைவன். சாரணியத்தின் அடிப்படை இந்த அணிமுறையாகும். இலங்கையில் 1912இல் மாத்தளையில் சாரணியம் தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கான சாரணியம் 1917இல் கண்டியில் தொடங்கியது.

இந்த அணிமுறையின் பயனை நான் நேரில் கண்டேன். போர்நிறுத்தம் நிலவிய 2003ஆம் ஆண்டில் நான் பாடசாலைச் சாரணனாக ஒரு பாசறைக்குச் சென்றேன். எங்கள் அணியில் எட்டுப்பேர். அவர்களுள் ஒருவன் வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவன். கணிதத்தில் குறைந்த புள்ளி பெறுபவன். இரண்டாம் நாள் மாலை கடும் மழை பெய்தது. விறகு நனைந்துவிட்டது. முதல் பிள்ளைகள் என்று பெயரெடுத்த நாங்கள் ஊதி ஊதிப் பார்த்தும் அடுப்பு மூளவில்லை. அவன் பேசாமல் எழுந்து, தடித்த விறகைப் பிளந்து, உள்ளே ஈரம் படாத பகுதியைச் சிறு சிராய்களாகச் சீவி, காய்ந்த பன்னாடையில் நெருப்பைப் பிடித்துக் காட்டினான். அன்றிரவு சோறும் பருப்பும் சம்பலும் கிடைத்தது அவனால்தான். அதன்பின் வகுப்பில் எவரும் அவனை ஏளனமாகப் பேசவில்லை. அவனும் தெரியாத கணக்கைக் கூச்சமின்றி எங்களிடம் கேட்கத் தொடங்கினான்.

மாணவர்களே, வகுப்பறையில் நீங்கள் படிக்காவிட்டால் குறைவது உங்கள் புள்ளிதான். பாசறையில் நீங்கள் தண்ணீர் அள்ளாவிட்டால் எட்டுப்பேருக்கும் உணவு தாமதமாகும். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டாவிட்டால் எல்லோருடைய பாயும் நனையும். பிறர் நம்மை நம்பி இருக்கிறார்கள் என்ற உணர்வை எந்தப் பாடக் குறிப்பாலும் தர முடியாது. நேரத்துக்கு எழும்புதல், உள்ளதைப் பகிர்ந்து உண்ணுதல், தலைவனுக்குக் கட்டுப்படுதல், தலைவனானால் நீதியாக நடத்தல் ஆகிய யாவும் அந்த உணர்விலிருந்து பிறப்பவையே.

மற்றொரு நன்மையும் உண்டு. 2016இல் தேசிய சாரணர் ஜம்போரி யாழ்ப்பாணத்தில் நடைபெற்றபோது நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் சாரணர்கள் வந்து கூடாரமடித்துத் தங்கினர். மொழி தெரியாதவனோடு சேர்ந்து கயிறு கட்டும்போதும் பாசறைத்தீயைச் சுற்றி அமரும்போதும், அவனும் நம்மைப் போல் ஒரு பிள்ளை என்பது விளங்கும். நீண்ட போரைக் கண்ட நாட்டில் இது சிறிய பயனன்று.

ஆயினும் காலமறிந்து செயற்படுங்கள். பரீட்சைக்கு ஓரிரு வாரம் இருக்கும்போது பாசறை வேண்டாம். பத்தாம் தரத்திலேயே கலந்துகொள்ளுங்கள். எங்கே, யாருடன், எத்தனை நாள் என்பதைப் பெற்றோருக்குத் தெளிவாகக் கூறுங்கள். பொறுப்பாசிரியரை அவர்களுடன் பேசச் செய்யுங்கள். தவறும் பாடங்களை நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நாள் பாடத்தை ஒரு வாரத்தில் ஈடுசெய்யலாம்.

இத்தலைப்பு கட்டுரை வினாவாக வந்தால், "ஒற்றுமை வளரும், ஒழுக்கம் வளரும்" என்று அடுக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். நீங்கள் மூட்டிய அடுப்பைப் பற்றியும் சுமந்த தண்ணீரைப் பற்றியும் எழுதுங்கள். அதற்கு ஒருமுறையாவது பாசறைக்குச் சென்றிருக்க வேண்டும்.